திக்கும் கிளியும் அலறும் கடிகாரமும்: காதால் துப்பறிந்த மூன்று சிறுவர்கள்

கிளி சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லும். சொல்லிக்கொடுத்தவர் எப்படி உச்சரித்தாரோ அப்படியே சொல்லும். அப்படியிருக்க, ஒரு கிளி திக்கித் திக்கிப் பேசினால் என்ன அர்த்தம்? கிளிக்குத் தானாகத் திக்குவாய் வராது. யாரோ மெனக்கெட்டு அதற்குத் திக்கப் பழக்கியிருக்கிறார்கள். எதற்காக?

ராக்கி பீச் என்ற கற்பனைக் கடலோர ஊரில், ஹாலிவுட்டிலிருந்து சில மைல் தள்ளி, ஒரு காயலான் கடையில் வளரும் ஜூபிடர் ஜோன்ஸ் என்ற பையன் எழுப்பும் கேள்வி இது. 1964இல் அமெரிக்காவின் ராண்டம் ஹவுஸ் பதிப்பகம் தொடங்கிய 'தி த்ரீ இன்வெஸ்டிகேட்டர்ஸ்' வரிசையின் இரண்டாவது புத்தகத்தில் வருகிறது. ஜூபிடர், பீட் கிரென்ஷா, பாப் ஆண்ட்ரூஸ் ஆகிய மூன்று பேர்தான் அந்தத் துப்பறிவாளர்கள். 1987 வரை மொத்தம் 43 புத்தகங்கள் வந்தன. அப்புறம் சொந்த நாட்டில் அந்த வரிசை ஏறக்குறைய மறைந்துபோனது. கடல் கடந்த ஜெர்மனியிலோ அது இன்றுவரை நிற்கவே இல்லை. அங்கே புதுக் கதைகள் எழுதப்படுகின்றன, அரங்குகள் நிரம்புகின்றன. நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள் இரவில் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே தூங்குகிறார்கள்.

ஒரே கதை ஓரிடத்தில் வாடி இன்னோரிடத்தில் தழைத்தது ஏன்? உரிமைத் தகராறு, சந்தை, காலம் என்று காரணம் அடுக்கலாம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அடிப்படைக் காரணம் புத்தகங்களுக்குள்ளேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த வரிசையை உருவாக்கியவர் வானொலிக்காரர். காகிதத்தில் எழுதினாலும் காதுக்குத்தான் எழுதினார்.

அவர் பெயர் ராபர்ட் ஆர்தர். 1909இல் பிலிப்பைன்ஸின் கொரேகிதோர் தீவில், அமெரிக்க ராணுவ அதிகாரியின் மகனாகப் பிறந்தவர். மலிவு விலை இதழ்களுக்குக் கதை எழுதிப் பிழைத்தவர், 1940களில் வானொலிக்குப் போனார். டேவிட் கோகன் என்ற நண்பரோடு சேர்ந்து அவர் நடத்திய 'தி மிஸ்டீரியஸ் டிராவலர்' என்ற மர்ம நாடகத் தொடர் 1943 முதல் 1952 வரை மியூச்சுவல் வானொலியில் ஓடியது. ரயில் சத்தம் கேட்கும். பெயர் தெரியாத ஒரு பயணி நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கதை சொல்லத் தொடங்குவான். வானொலி எழுத்துக்காக ஆர்தர் இரண்டு முறை, மர்ம எழுத்துக்கு அமெரிக்காவில் தரப்படும் எட்கர் விருதை வாங்கினார். பிறகு தொலைக்காட்சி வந்தது. அவரும் ஹாலிவுட் போய், திகில் பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் தொலைக்காட்சித் தொடரில் வேலை பார்த்தார். ஹிட்ச்காக் பெயரில் வந்த கதைத் தொகுப்புகளைத் தொகுத்துக் கொடுத்ததும் பல சமயம் அவர்தான்.

1962 செப்டம்பர் 30 அன்று, அமெரிக்க வலையமைப்பு வானொலியில் கடைசியாக மிச்சமிருந்த இரண்டு நாடகத் தொடர்களும் ஒரே நாளில் முடிந்தன. அமெரிக்க வானொலி நாடகத்தின் பொற்காலம் அன்றோடு முடிந்ததாகவே வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அதே ஆண்டில் ஆர்தர் ஹாலிவுட்டை விட்டு நியூ ஜெர்சியின் கேப் மே என்ற கடலோர ஊருக்குக் குடிபெயர்ந்தார். இரண்டு வருடம் கழித்து முதல் புத்தகம் வந்தது. தான் இருபது வருடம் கற்ற தொழில் கண்ணெதிரே மூடப்பட்ட பிறகு, அதில் கற்றதையெல்லாம் பத்து வயதுக்காரர்களுக்கான புத்தகத்துக்குள் கொண்டுவந்து வைத்தார் என்றுதான் எனக்குப் படுகிறது.

முதல் புத்தகமான 'பயங்கரக் கோட்டையின் ரகசியம்' கதையையே எடுத்துக்கொள்வோம். தன் படத்துக்கு நிஜமான பேய் வீடு ஒன்று வேண்டும் என்று ஹிட்ச்காக் தேடுகிறார். சிறுவர்கள் அதைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லி அவர் அலுவலகத்துக்குள் நுழைந்துவிடுகிறார்கள். எப்படி நுழைந்தார்கள்? ஜூபிடர், ஹிட்ச்காக் சிறுவயதில் எப்படி இருந்திருப்பாரோ அப்படி முகத்தை வைத்துக்கொண்டு, அவர் பேசுவது போலவே பேசி மிரட்டினான். ஹிட்ச்காக்குக்கே அது பொறுக்கவில்லை. இனி ஒருபோதும் என்னைப் போல நடித்துக் காட்டக் கூடாது, அப்படியானால் உங்கள் கதைக்கு முன்னுரை தருகிறேன் என்று ஒப்பந்தம் போடுகிறார். இந்த வரிசை தொடங்கியதே ஒரு குரல் வித்தையால்தான்.

அந்தக் கோட்டையைக் கட்டியவர் ஸ்டீஃபன் டெர்ரில் என்ற ஊமைப்பட நடிகர். திகில் வேடங்களுக்குப் பேர்போனவர். பேசும் படம் வந்ததும் அவர் குரல் வெளியே தெரிந்தது. கீச்சென்று மழலை கலந்த குரல். பயப்பட வந்த கூட்டம் சிரித்தது. அதோடு அவர் வாழ்க்கை முடிந்தது. அவருடைய மேலாளருக்கோ தொண்டையில் பட்ட காயத்தால் கிசுகிசுக்கத்தான் முடியும். கோட்டைக்குள் போகிறவர்களை விரட்டுவது பேய் உருவம் மட்டுமல்ல. சொல்லத் தெரியாத ஒரு நடுக்கம் உடம்பைப் பிடிக்கிறது. காதுக்கே எட்டாத அளவு தாழ்ந்த அதிர்வை எழுப்பும் ஆர்கன் குழாய்களால் மனிதனுக்கு அப்படியொரு கலக்கம் உண்டாகும் என்று ஜூபிடர் விளக்குகிறான். பேசும் படத்தால் அழிந்த ஊமைப்பட நடிகர், கிசுகிசுக்கும் மேலாளர், கேட்காத இசை. முதல் கதையிலேயே எல்லாம் ஒலிதான். வானொலியைத் தொலைக்காட்சி விழுங்கியதைப் பார்த்த ஒருவர், ஊமைப்படத்தைப் பேசும் படம் விழுங்கிய கதையைத் தேர்ந்தெடுத்தது தற்செயலாக இருக்க முடியாது.

ஆர்தர் எழுதிய பத்துப் புத்தகங்களின் தலைப்புகளைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். திக்கும் கிளி, கிசுகிசுக்கும் மம்மி, அலறும் கடிகாரம், பேசும் மண்டையோடு. அவருக்குப் பின் வந்தவர்களும் பிடியை விடவில்லை: முனகும் குகை, சிரிக்கும் நிழல், இருமும் டிராகன், பாடும் பாம்பு. ஒரு வேடிக்கையான தலைப்பு உத்தி என்று பலரும் இதைக் கடந்துபோகிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அந்தச் சத்தம் வெறும் அலங்காரம் இல்லை. பெரும்பாலும் அந்தச் சத்தம்தான் துப்பு.

திக்கும் கிளிக்குத் திரும்புவோம். அதன் பெயர் பில்லி ஷேக்ஸ்பியர். ஹாம்லெட்டின் புகழ்பெற்ற வரியைச் சொல்கிறது, ஆனால் திக்கிச் சொல்கிறது: 'டு-டு-டு பி ஆர் நாட் டு-டு-டு பி'. இதைப் பழக்கியவர் ஜான் சில்வர் என்ற ஆங்கிலேயர். விலைமதிப்பற்ற ஓவியம் ஒன்றை ஒளித்துவைத்துவிட்டு, சாகும் தறுவாயில் ஏழு பறவைகளுக்கு ஆளுக்கொரு வாக்கியம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆறு கிளி, ஒரு மைனா. அவை வெவ்வேறு வீடுகளுக்கு விற்கப்பட்டுச் சிதறிவிட்டன. ஏழையும் தேடிப் பிடித்து, ஏழு வாக்கியத்தையும் சேர்த்தால்தான் வழி தெரியும். பக்கத்தில் அச்சாகியிருக்கும்போது அந்தத் திக்கல் வெறும் திக்கல். வாய்விட்டுச் சொன்னால் வேறொன்று கேட்கும். ஆங்கிலத்தில் 'டு' என்றால் இரண்டு என்ற எண்ணும்தானே? டு-டு-டு பி என்பது 222 பி. கதவு எண். ஷெர்லாக் ஹோம்ஸின் பேக்கர் தெருவை நினைவுபடுத்தும் முகவரி.

கண்ணால் எத்தனை முறை படித்தாலும் பிடிபடாத துப்பு இது. உரக்கப் படிக்கிற குழந்தைக்குத்தான் முதலில் கிடைக்கும். எனக்குத் தெரிந்த சிறுவர் துப்பறியும் கதைகளில் இவ்வளவு அழகான துப்பு வேறு இல்லை.

மற்றவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிசுகிசுக்கும் மம்மியில், பேராசிரியர் தனியாக இருக்கும்போது மட்டும் மூவாயிரம் வருடப் பழைய உடல் புராதன மொழியில் முணுமுணுக்கிறது. விடை, ஒலியைக் குறிபார்த்துத் தொலைவிலிருந்து அனுப்பும் ஒரு கருவி. யார் செய்தது என்பதை நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். பச்சைப் பேய் கதை காலி வீட்டிலிருந்து வரும் அலறலோடு ஆரம்பிக்கிறது. பாப் கையில் அப்பாவின் கையடக்க டேப் ரெக்கார்டர் இருக்கிறது, எல்லாம் பதிவாகிவிடுகிறது. பிறகு ஜூபிடர் அந்த நாடாவைப் போட்டுப் போட்டுக் கேட்கிறான். பேசியவர்கள் எத்தனை பேர், யார் என்ன சொன்னார்கள் என்று அலசுகிறான். கைரேகையைப் பூதக்கண்ணாடியில் பார்க்கும் துப்பறிவாளரை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒலிநாடாவைச் சாட்சியாக உட்காரவைத்து விசாரிக்கும் பதின்மூன்று வயதுப் பையனை 1965இல் வேறு யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

1968இல் வந்த அலறும் கடிகாரம் இதன் உச்சம். ஒரு மின்சார அலாரக் கடிகாரம், மணியடிப்பதற்குப் பதில் மனிதக் குரலில் வீறிடுகிறது. தடம் பிடித்துப் போனால், அந்த வீறிடல் பழைய வானொலி மர்ம நாடகங்களில் அலறுவதையே தொழிலாகச் செய்த பெர்ட் கிளாக் என்பவருடையது. யாராவது கொலையுண்டால், பள்ளத்தில் விழுந்தால், பேயைப் பார்த்தால், அவர் வந்து அலறிவிட்டுப் போவார். வானொலி நாடகம் ஒழிந்ததும் அவருக்கும் வேலை போனது. அடுத்த வருடம், 1969 மே மாதம், ஆர்தர் இறந்துவிட்டார். தன்னோடு வேலை செய்து மறக்கப்பட்ட குரல்களுக்கு அவர் செலுத்திய மரியாதையாகத்தான் இந்தப் புத்தகத்தைப் படிக்கிறேன். குழந்தைகளுக்கு அது தெரிய வேண்டியதில்லை. அவர்களுக்குக் கடிகாரம் அலறினால் போதும்.

ஒலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இந்தக் கதைகளின் மண் எது என்பது விட்டுப்போகும். அது காயலான் கடை.

ஜூபிடருக்குத் தாய் தந்தை இல்லை. டைட்டஸ் சித்தப்பாவும் மெட்டில்டா சித்தியும் வளர்க்கிறார்கள். சித்தப்பா கண்டதையும் வாங்கிக் குவிப்பவர். சித்தி, பையன்கள் கண்ணில் பட்டால் உடனே வேலை கொடுப்பவர். பழைய சாமான்களைச் சீர்செய்து விற்பதில் கிடைக்கும் பங்கும், மணிக்கணக்குக் கூலியும்தான் மூவரின் கைச்செலவு. யாரும் வாங்காத, அடிபட்ட ஒரு டிரெய்லர் வண்டியைச் சுற்றிச் சாமான்களைக் குவித்து மறைத்து, அதையே தலைமையகம் ஆக்கிக்கொள்கிறார்கள். உள்ளே போகக் குழாய் வழி ஒன்று, வேலிப் பலகை வழி ஒன்று என்று பல ரகசிய வாசல்கள். இருட்டறை, சின்ன ஆய்வுக்கூடம், அடுப்புக் குழாயில் செய்த பெரிஸ்கோப். தொலைபேசிக்கு வாடகையைத் தாங்களே சம்பாதித்துக் கட்டுகிறார்கள். பழைய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியை அந்தத் தொலைபேசியோடு ஜூபிடர் இணைத்திருக்கிறான். எதிர்முனையில் பேசுவதை மூன்று பேரும் சேர்ந்து கேட்கலாம். பார்த்தீர்களா, இங்கேயும் அதே வானொலிக்காரர்தான். மூன்று பாத்திரமும் ஒரே உரையாடலைக் கேட்க ஒரு வழி வேண்டும். அதைக் கதைக்குள்ளேயே ஒரு கருவியாகச் செய்து வைத்துவிட்டார்.

இந்தக் காயலான் கடைதான் இவர்களை மற்ற சிறுவர் துப்பறிவாளர்களிடமிருந்து பிரிக்கிறது. எனிட் பிளைட்டனின் ஐவர் குழு 1942இல் தொடங்கி 21 புத்தகங்களில் வந்தது. அதில் எப்போதும் விடுமுறை. சமையல்காரம்மா கட்டிக்கொடுத்த கூடை. நிலவறை தானாகவே அவர்கள் காலடியில் திறக்கும். அமெரிக்காவில் எட்வர்ட் ஸ்ட்ராட்மேயரின் எழுத்துப் பட்டறையிலிருந்து 1927இல் ஹார்டி சகோதரர்களும் 1930இல் நான்சி ட்ரூவும் வந்தார்கள். அவர்களுக்குக் கார் உண்டு. ஒருவருக்கு அப்பா புகழ்பெற்ற துப்பறிவாளர், இன்னொருவருக்கு அப்பா வக்கீல். அந்தப் புத்தகங்களிடம் எனக்குக் கோபம் இல்லை, ரசித்துப் படித்தவைதான். ஆனால் ராக்கி பீச் பையன்களுக்கு எதுவும் சும்மா கிடைப்பதில்லை. முதல் புத்தகத்தில் தங்கமுலாம் பூசிய ரோல்ஸ் ராய்ஸ் காரும், வொர்திங்டன் என்ற ஓட்டுநரும் முப்பது நாளுக்குக் கிடைக்கிறார்கள் என்றால், அதுவும் ஒரு கார் வாடகைக் கடை வைத்த போட்டியில், ஜாடியில் எத்தனை பீன்ஸ் விதை இருக்கிறது என்று ஜூபிடர் கணக்குப் போட்டு ஜெயித்ததால்.

கையில் காசில்லாத பையன்கள் ஒரு ஊரையே எப்படித் துழாவுவது? அதற்கு ஜூபிடர் கண்டுபிடித்த வழி 'கோஸ்ட் டு கோஸ்ட் ஹூக்கப்'. மூவரும் ஆளுக்கு ஐந்து நண்பர்களை அழைத்து, இன்ன அடையாளமுள்ள காரைப் பார்த்தீர்களா என்று கேட்பார்கள். தெரியாது என்றால், அந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஐந்து பேரைக் கேட்க வேண்டும். முதல் சுற்றில் 15, இரண்டாவதில் 75, மூன்றாவதில் 375, நான்காவதில் 1,875. ஒரு மாலைக்குள் ஊரில் தொலைபேசி உள்ள வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் கண்ணைத் திறந்துவைத்திருப்பார்கள். சமூக வலைத்தளம் என்ற பேச்சே இல்லாத 1964இல் எழுதியது இது. பெரியவர்கள் கவனிக்காத ஒரு படை தெருத் தெருவாக இருக்கிறது, அது குழந்தைகள்தான் என்ற எண்ணம் 1929இல் எரிஷ் கேஸ்ட்னர் பெர்லினை வைத்து எழுதிய சிறுவர் நாவலிலேயே உண்டு. ஆர்தர் அதற்குத் தொலைபேசி கொடுத்தார், கூடவே பெருக்கல் வாய்ப்பாட்டையும்.

மூவரின் வேலைப் பங்கீடும் நிறுவனம் மாதிரி இருக்கும். ஜூபிடர் முதல் துப்பறிவாளன். குழந்தை நட்சத்திரமாக நடித்தபோது தன் பருமனைக் கேலிசெய்யும் பெயரைச் சுமந்தவன், அதனாலேயே சிரிப்புக்கு ஆளாவதை வெறுப்பவன். பீட் உடல் பலம் உள்ளவன், பயத்தை ஒளிக்காதவன். பாப் முதல் கதைகளில் காலில் கவசத்தோடு நடப்பவன், நூலகத்தில் பகுதிநேர வேலை செய்பவன், பதிவேடும் ஆராய்ச்சியும் அவன் பொறுப்பு. இந்த மூன்றாமவன்தான் எனக்குப் பிடித்தவன். பேய்க் கதைக்கு நடுவில் ஒரு பையன் நூலகத்துக்குப் போய்ப் பழைய செய்தித்தாளைப் புரட்டுகிறான். கதை அங்கேதான் முன்னால் நகர்கிறது. புத்தகம் தேடுவதும் சாகசம்தான் என்று சொல்லாமல் சொல்லிக்கொடுத்த கதை வேறு எத்தனை இருக்கிறது?

ஹிட்ச்காக் இதில் ஒரு வரிகூட எழுதவில்லை. பெயரை மட்டும் வாடகைக்கு விட்டார். அவர் பெயரில் வரும் முன்னுரைகளையும் ஆர்தர்தான் எழுதினார். வியாபார உத்திதான், சந்தேகமில்லை. ஆனால் அதிலும் வானொலி இருக்கிறது. தொடக்கத்தில் ஒரு கதைசொல்லி வந்து நம்மை உட்காரவைப்பார். இறுதியில் பையன்கள் அவர் அலுவலகத்தில் உட்கார்ந்து, விட்டுப்போன முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்ப்பார்கள். ரயிலில் வந்த பெயரில்லாப் பயணி இங்கே பெயரோடு வருகிறார், அவ்வளவுதான்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பெண் பிள்ளைகள் இந்த உலகத்தில் கிட்டத்தட்ட இல்லை. மேரி வர்ஜினியா கேரி எழுத வந்தபிறகுதான் ஆலி ஜேமிசன் என்ற வாயாடிப் பெண் ஓரிரு கதையில் தலைகாட்டினாள். வெளிநாட்டவர் என்றால் மர்மம், ஆபத்து என்ற பழைய அமெரிக்கப் பழக்கமும் இருக்கிறது. பச்சைப் பேயில் வரும் நூறு வயது தாண்டிய சீனர் அப்படித்தான். 1967இல் வந்த கதையில் ஒரு மாணிக்கக் கல்லைத் தேடி நெற்றியில் மூன்று புள்ளியோடு ஓர் இந்தியர் வருகிறார். ஊர் பெயர் பிளெஷிவார். அப்படி ஓர் ஊர் இந்தியாவில் எங்கேயும் இல்லை, அந்தக் கோயிலும் இல்லை. இந்தியாவில் உட்கார்ந்து அந்தப் பக்கங்களைப் படிக்கும் குழந்தைக்கு, தன் நாடே இன்னொருவர் கண்ணில் வேடம் கட்டி நிற்பது தெரியும். இன்று இந்தப் புத்தகங்களைப் பிள்ளைகளிடம் கொடுக்கும் பெற்றோர் அந்த இடத்தில் ஒரு வார்த்தை பேசுவது நல்லது.

ஆர்தருக்குப் பிறகு வில்லியம் ஆர்டன் என்ற புனைபெயரில் டென்னிஸ் லிண்ட்ஸ், கேரி, இன்னும் இருவர் என்று வரிசை தொடர்ந்தது. லிண்ட்ஸ் 13, கேரி 15. தரம் ஏறி இறங்கினாலும் சட்டகம் கெடவில்லை: பேய் போலத் தோன்றும், கடைசியில் மனிதன்தான் இருப்பான். 1980 ஏப்ரலில் ஹிட்ச்காக் இறந்தார். அவர் இடத்தில் ஹெக்டர் செபாஸ்டியன் என்ற கற்பனை எழுத்தாளரைக் கொண்டுவந்தார்கள். பழைய புத்தகங்களிலிருந்தும் ஹிட்ச்காக்கை எடுத்துவிட்டார்கள். 1989இல் பையன்களை பதினேழு வயதாக்கி, கார் ஓட்டவைத்து, கராத்தே கற்பித்து 'கிரைம்பஸ்டர்ஸ்' என்று புதிதாகத் தொடங்கினார்கள். 11 புத்தகத்தோடு 1990இல் நின்றது. உரிமைப் பேச்சுவார்த்தை கைகூடாததும் அதற்குக் காரணம். ஆனால் கார் வந்ததும் பெருக்கல் வாய்ப்பாடு தேவையில்லாமல் போனது, சண்டை வந்ததும் காதைத் தீட்டிக் கேட்பது தேவையில்லாமல் போனது. கதையின் உயிர் எதில் இருந்தது என்று அறியாமல் கை வைத்துவிட்டார்கள் என்பது என் கருத்து.

ஜெர்மனியில் முதல் மொழிபெயர்ப்பு 1968இல் வந்தது. ஸ்டுட்கார்ட்டில் இயங்கும் கோஸ்மோஸ் பதிப்பகம்தான் இன்றும் வெளியிடுகிறது. ஜூபிடர் அங்கே யுஸ்டுஸ் யோனாஸ் ஆனான், பீட் கிரென்ஷா பீட்டர் ஷா ஆனான். அசலில் காயலான் கடையில் உதவிக்கு இருக்கும் ஹான்ஸ், கொன்ராட் சகோதரர்கள் ஜெர்மனியின் பவேரியாக்காரர்கள். ஜெர்மன் பதிப்பில் அவர்கள் அயர்லாந்துக்காரர்களாக மாறிவிட்டார்கள். வெளியூர்க்காரர் வெளியூர்க்காரராகவே இருக்க வேண்டுமே! ஐகா ராஷ் என்ற ஓவியர் கறுப்புப் பின்னணியில் பளீரென்ற வண்ணத்தில் வரைந்த அட்டைகள் அந்த வரிசைக்கே முகமாயின.

திருப்பம் 1979 அக்டோபரில் வந்தது. ஹாம்பர்க் பக்கத்திலிருந்து இயங்கிய யூரோப்பா நிறுவனம் இந்தக் கதைகளை ஒலி நாடகமாக இசைத்தட்டிலும் கேசட்டிலும் போட்டது. இயக்கம் ஹைக்கெடீனெ கோர்ட்டிங், எழுத்து எச். ஜி. ஃபிரான்சிஸ். முதல் கதையாக அவர்கள் தேர்ந்தெடுத்தது பயங்கரக் கோட்டையை அல்ல, கிளியை. கோட்டை பதினொன்றாவதாகத்தான் வந்தது. ஒலிக்காக வேலை செய்கிறவர்களுக்கு எது ஒலிக்கதை என்று உடனே தெரிந்திருக்கிறது.

ஒலிவர் ரோர்பெக், யென்ஸ் வாவ்ர்செக், ஆண்ட்ரியாஸ் ஃப்ரோலிஷ். பதின்ம வயதில் ஒலிவாங்கி முன்னால் நின்ற இந்த மூவரும்தான், அறுபதைத் தொட்ட பின்னும், அதே பையன்களுக்குக் குரல் கொடுக்கிறார்கள். ரோர்பெக்கின் குரலில்தான் ஜெர்மானியர்கள் பென் ஸ்டில்லர் படங்களைப் பார்க்கிறார்கள். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களில் வரும் காலம் (Gollum) என்ற பாத்திரத்துக்கு ஜெர்மன் மொழியில் குரல் ஃப்ரோலிஷ்தான். கதைசொல்லி வேடத்தில் பீட்டர் பாசெட்டி தொடங்கி நான்கு பேர் மாறிவிட்டார்கள். மூன்று குரல் மட்டும் மாறவில்லை. 200க்கும் மேற்பட்ட கதைகள் வந்துவிட்டன. அமெரிக்க மூலம் தீர்ந்ததும், 1993 முதல் ஜெர்மன் எழுத்தாளர்களே புதுக் கதைகள் எழுதுகிறார்கள். ராக்கி பீச்சில்தான் இன்னும் நடக்கிறது. எழுதுவது மட்டும் ஜெர்மனியில்.

ஞாயிறு பிற்பகலில் வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு, பார்க்காத படத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்த தமிழ்த் தலைமுறைக்கு அந்தப் பிடிப்பு என்னவென்று சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. படியேறும் காலடி, கீல் முனகும் கதவு, கிளியின் சிறகடிப்பு. முகம் நாம் கொடுத்தது என்பதால் அது பழசாவதில்லை. வளர்ந்தபின் அதே கேசட்டைத் தூக்கத்துக்கு முன் போட்டுக் கேட்கும் பழக்கம் ஒரு தலைமுறைக்கே அங்கே இருக்கிறது. முடிவு தெரிந்த கதை, தெரிந்த குரல். பயம் உண்டு, ஆபத்து கிடையாது.

அங்கேயும் சண்டை இல்லாமல் இல்லை. ஆரம்ப கேசட்டுகளுக்கு இசையமைத்த கார்ஸ்டன் போன் உரிமைக்காக வழக்காடினார்; அவருடைய இசையை எடுத்துவிட்டு வேறு போட்டார்கள். பழைய இசை உள்ள கேசட்டுகளை ரசிகர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். 2005 வாக்கில் பதிப்பகமும் ஒலி நிறுவனமும் உரிமை யாருக்கு என்று முட்டிக்கொண்டதில் ஒலித் தொடர் மட்டும் இடையில் நின்றது; 2008இல்தான் சமரசம் ஆனது. அதன்பிறகு அலறும் கடிகாரத்தின் ஜெர்மன் வடிவத்தையே மேடை நாடகமாக ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். மேடையில் மூன்று நடிகர்கள், ஒலிவாங்கிகள், காலடிச் சத்தமும் கதவுச் சத்தமும் எல்லோர் கண்முன்னால் எழுப்பும் ஓர் ஒலிக் கலைஞர். பெர்லினின் வால்ட்பூனே திறந்தவெளி அரங்கில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து கேட்டார்கள். வேலை போன வானொலி அலறல்காரரைப் பற்றி ஆர்தர் எழுதிய கதை அது. ராக் கச்சேரி நடக்கும் இடத்தில் அந்த அலறல் கேட்டது.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு கிளை உண்டு. டாக்காவின் சேபா பிரகாஷனி பதிப்பகம் 1985இல் 'தின் கோயெந்தா' என்ற வங்காள வரிசையைத் தொடங்கியது. ரகீப் ஹசன் எழுதினார். ஜூபிடர் அங்கே கிஷோர் பாஷா, வங்காளதேச வேர் உள்ள பையன்; பீட் கறுப்பின அமெரிக்கனான மூசா அமான்; பாப் ஐரிஷ் வழிவந்த ராபின் மில்ஃபோர்ட். ஊர் அதே ராக்கி பீச், காயலான் கடையும் அதே. அசலில் மூன்று வெள்ளைக்காரப் பையன்கள். வங்காளத்தில் மூன்று நிறம். தலைவன் நம் துணைக்கண்டத்துக்காரன். வங்காளதேசத்தில் இரண்டு மூன்று தலைமுறை இதைப் படித்தே வளர்ந்தது. மூலத்தில் வெளிநாட்டவர் பற்றி இருந்த குறையை இப்படி ஒருவர் சத்தமில்லாமல் நேர்செய்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

புத்தகம் கையில் கிடைத்தால் முதலில் பயங்கரக் கோட்டை, அடுத்து திக்கும் கிளி, அப்புறம் பச்சைப் பேய் என்ற வரிசையில் போங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலம் கொஞ்சம் கடினமாக இருக்கலாம், ஜூபிடர் பெரிய பெரிய வார்த்தைகளாகப் பேசுவான். பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். கிளி வரும் இடத்தில் மட்டும் அவசரப்படாமல், திக்கலை விடாமல், உரக்கப் படியுங்கள். 222 பி என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.